கைப்பிடிக்கும் காபரேற்றருக்கும் இடையே

பசறைக்கு அப்பால் உள்ள தோட்டமொன்றிலிருந்து அன்னை ஒருவர் நமக்கு ஒரு கடிதம் வரைந்திருக்கின்றார். கொழுந்து பறிப்பவர், கணவர் கொழும்பில் கடையொன்றில் வேலை. மூத்த மகனுக்குப் பதினெட்டு நிரம்பி, சாரதி உரிமமும் கிடைத்து, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்பார்த்திருக்கின்றான். அவனுடைய தாய்மாமன் தம்மிடம் கிடந்த பழைய சின்ன மோட்டார்ச் சைக்கிளை அவனுக்குக் கொடுத்தார். நகரத்துக் கராஜ் ஒன்றில் அதற்கு அக்சிலேற்றர் கேபிள் பூட்டினார்கள். மூன்றாம் நாள் இறக்கத்தில் வரும்போது, முறுக்கிய கைப்பிடி திரும்பி வரவில்லை. வண்டி இரைந்துகொண்டே பாய்ந்தது. பையன் தேயிலைச் செடிகளுக்குள் விழுந்து, முழங்கைச் சிராய்ப்போடு பிழைத்தான்.

“இப்போது கேபிளைத் தானே பூட்டப்போவதாகச் சொல்கிறான், ஐயா. கராஜ்காரர்களே பிழைவிட்ட வேலையை இவன் எப்படிச் செய்வான்? விடலாமா, மறிக்கலாமா?” என்பது அவர் கேள்வி.

நாம் மோட்டார் நிபுணர் அல்லோம். கல்லூரியில் பாடம் சொல்வது நமது தொழில். எனினும் இக்கேள்வியை ஒதுக்கிவிட மனம் வரவில்லை. சமையற் குறிப்புக்கும் மருத்துவக் குறிப்புக்கும் இடமளிக்கின்ற இப்பக்கத்தில், வீட்டுப் பிள்ளை ஏறிச் செல்கின்ற வண்டியின் கேபிளுக்கும் ஓர் இடம் உண்டு என்றே கருதுகின்றோம். நமது விடையை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம்: விடலாம், தாயே. ஆனால் எதைப் பூட்டுகின்றோம், அது எதனால் மீளாது போகின்றது என்பதை அறிந்த பின்னரே அவன் கையில் திருப்புளியைக் கொடுக்க வேண்டும்.

ஊவாவின் வீதிகளை அறியாதார்க்கு இது சிறு விஷயமாகத் தோன்றலாம். பதுளை நகரம் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் ஒரு கிண்ணத்தின் அடிபோற் கிடக்கின்றது. சற்று அப்பால் நமுனுகுல மலை 2,036 மீற்றருக்கு எழுந்து நிற்கின்றது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சரிவுகளிலேதான் தோட்டங்கள். 1924ஆம் ஆண்டு பதுளைக்கு வந்து சேர்ந்த புகையிரதம்கூடத் தெமோதரையில் நேரே இறங்க முடியாமல், மலையை ஒருமுறை சுற்றி, தான் நின்ற நிலையத்தின் அடியிலேயே சுரங்கம் வழியாகப் புகுந்து செல்கின்றது. புகையிரதத்துக்கு இருக்கின்ற அந்த நிதானம் தோட்டத்து வீதிக்கு இல்லை. கொழுந்து லொறிக்காக வெட்டப்பட்ட பாதை. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். வளைவுக்கு வளைவு கால்வாய். இங்கே மூன்று விநாடி மீளாத கைப்பிடி என்பது ஓர் உயிர்.

இந்த வீதிகளில் மோட்டார்ச் சைக்கிள் புதியதன்று. குதிரையில் வந்த வெள்ளைக்காரத் துரைமார் பின்னர் அதில் ஏறினர். தூரத்தில் அதன் ஒலி கேட்டதும் மலையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கொழுந்தில் கண் வைத்த கதையைப் பாட்டிமார் இன்றும் சொல்வர். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கொம்பனிகளின் கைக்கு மாறியது. அவற்றையெல்லாம் விட நம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் மாற்றம் ஒன்று உண்டு. அன்று துரையின் வருகையை அறிவித்த அந்த ஒலி, இன்று லயத்துப் பையன் மருந்து வாங்கிக்கொண்டு வீடு திரும்புவதை அறிவிக்கின்றது. அம்மாற்றத்தை நாம் குறைத்து மதிப்பதற்கில்லை.

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. அத்தடை 2025இலேதான் தளர்ந்தது. இடையில் 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து, வரிசையில் நின்று வாரத்துக்குச் சில லீற்றர் பெற்ற காலத்தையும் கண்டோம். அந்த ஆண்டுகளில் கொட்டிலில் கிடந்த பழைய சிறு வண்டிகளெல்லாம் தூசி தட்டி வெளியே வந்தன. அவற்றுள் ஒன்று ‘சாலி’ என்று நாட்டில் யாவரும் அழைக்கும் ஹொண்டா வண்டி. 1972இல் யப்பானில் வெளியானது, பத்து அங்குலச் சில்லு, ஐம்பது அல்லது எழுபது சீசீ எஞ்சின், தாழ்ந்த இருக்கை. சேலை உடுத்த பெண்களும் ஏறி அமரத்தக்க வண்டி. அத்தகைய சின்ன வண்டியை மனத்திற் கொண்டே மேலே எழுதுகின்றோம்.

கேபிள் என்பது என்ன? ஒரு கம்பி, அதற்கு மேல் ஒரு கறுப்பு உறை என்று எண்ணுவோரே பலர். உண்மையில் அது இரண்டு உறுப்புகள் கூடிச் செய்யும் ஒரு வேலை. உள்ளே பல மெல்லிய எஃகு இழைகளை முறுக்கிய வயர். வெளியே, நெருங்கச் சுற்றிய ஸ்பிரிங் போன்ற எஃகுச் சுருள். அதன் மேலேதான் பிளாஸ்டிக் போர்வை. உள்வயரை நாம் இழுக்கும்போது, வெளிச்சுருள் அதே அளவு விசையுடன் அழுத்தப்படுகின்றது. உள்ளது இழுபட, வெளியது தாங்கி நிற்கின்றது. தாங்குவதற்கு வெளியுறை இல்லையேல் வளைந்து செல்லும் வயர் நேராக நிமிர்ந்து கொள்ளுமே தவிர, மறுமுனையில் எதையும் இழுக்காது. ஆகவே உறையின் இரு முனைகளும் தத்தம் குழியில் ஆழ அமர்ந்திருப்பது, உள்வயரின் முனைகள் கொழுவப்பட்டிருப்பதற்குச் சிறிதும் குறைந்த விஷயம் அன்று.

இதற்கு ஓர் உவமானம் நம் உடலிலேயே இருக்கின்றது. வலக்கையின் விரல்களை மடக்குங்கள். இடக்கையால் வலது முழங்கைக்குச் சற்றுக் கீழே தொட்டுப் பாருங்கள். தசை அசைவது அங்கே, மடங்குவதோ விரல். இடையே தசைநாண்கள் உறைகளுக்குள் வழுக்கி ஓடுகின்றன. உறை வீங்கினால் மடங்கிய விரல் நிமிராமல் நின்றுவிடும். அந்நோயால் வருந்தியவர்கள் நம்முள் இருப்பர். பையனின் வண்டிக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய அதுவே.

இந்த அமைப்பை 1896இல் காப்புரிமை செய்தவர் ஏர்னஸ்ட் மொனிங்ரன் போடன் என்பவர். இன்றும் ஆங்கிலத்தில் அவர் பெயராலேயே இக்கேபிள் வழங்குகின்றது. றலி சைக்கிள் கொம்பனியை நிறுவிய சேர் பிராங் போடன் என்பவரே இதைக் கண்டவர் என்று எழுதுவாரும் உளர். அது பெயர் ஒற்றுமையால் வந்த மயக்கம். சைக்கிளின் பிரேக்கு, மோட்டார்ச் சைக்கிளின் கிளச்சு, புல்வெட்டும் யந்திரத்தின் விசை என்று எங்கு நோக்கினும் அம்மனிதரின் சுருளும் வயரும் இருக்கின்றன. புகழ் மட்டும் வேறொருவருக்குப் போகப் பார்க்கின்றது.

இனி, மீளாமை எங்கிருந்து வருகின்றது என்று பார்ப்போம். இந்த வண்டிகளின் காபரேற்றருக்குள் ஓர் உருளை மேலும் கீழும் ஓடுகின்றது. மெக்கானிக்குகள் அதை ‘ஸ்லைட்’ என்பர். அது மேலே எழுந்தால் காற்றும் பெற்றோலும் மிகுதியாகச் செல்லும். கீழே இறங்கினால் குறையும். மேலே தூக்குவது நம் கையும் வயரும். கீழே தள்ளுவது நம் கை அன்று. ஸ்லைட்டின் தலைமேல் அமர்ந்த ஒரு ஸ்பிரிங். வயர் அறுந்து போனால் ஸ்பிரிங் ஸ்லைட்டைக் கீழே அமுக்கிவிடும், எஞ்சின் தணிந்துவிடும், வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு போகலாம். யந்திரத்தை அமைத்தோர் அவ்வாறு எண்ணியே அமைத்தனர். முற்றாக அறுந்த வயரால் வருவது தொல்லை மட்டுமே. அறுந்தும் அறாமலும் நிற்கும் வயரே ஆபத்து. குமிழுக்கு அருகே இரண்டு மூன்று இழைகள் அறுந்து, முள்ளுப்போல் விரிந்து, உறையின் வாயில் மாட்டிக்கொள்ளும். கை விட்டுவிடும்; ஸ்பிரிங் தள்ளும்; முள் விடாது.

அன்னையாரின் கடிதத்தில் கண்ட விவரத்தைக் கொண்டு பார்த்தால் அந்தக் கராஜில் நடந்ததும் இத்தகையதே போலும். வண்டிக்குரிய கேபிள் கைவசம் இல்லாமல், நீளமான வேறொன்றை வெட்டி, முனையில் சைக்கிள் பிரேக் வயருக்குப் போடும் திருகுக் குமிழைப் பூட்டி அனுப்பியிருக்கின்றார்கள். திருகு அழுத்திய இடத்தில் இழைகள் நசுங்கி அறுந்திருக்கின்றன. அவசரத்துக்கு, வீடு வந்து சேர்வதற்கு, அது செல்லும். மலைவீதியில் தினமும் ஓடுவதற்குச் செல்லாது. முறையான குமிழில், வயரின் நுனி இழைகளை விரித்து, குமிழின் குழிவுக்குள் ஈயத்தை உருக்கி ஓடவிட்டிருப்பார்கள். விரிந்த இழைகள் ஈயத்துக்குள் வேர்போற் பிடித்துக்கொள்வதனாலேயே அது உருவிக்கொண்டு வருவதில்லை.

ஆகவே முதல் வேலை, சரியான கேபிளை வாங்குவது. பழைய கேபிளையும் கையிலெடுத்துக்கொண்டு பதுளை நகரத்து உதிரிப்பாகக் கடைக்குப் போக வேண்டும். இரண்டு கேபிள்களின் வெளியுறையை அருகருகே வைத்து நீளம் பார்க்க வேண்டும். பின் உள்வயர் உறைக்கு வெளியே நீட்டி நிற்கும் அளவையும் ஒப்பிட வேண்டும். இந்த இரண்டாவது அளவையே பலர் பார்ப்பதில்லை. உறை சமமாக இருந்து உள்வயர் ஒரு விரற்கடை குறைந்தாலும் ஸ்லைட் அடிவரை இறங்காது. வெட்டப்பட்ட பழையதை அளவுக்கு நம்ப முடியாதாகையால், இப்பையனின் வண்டிக்கு மாதிரியின் பெயரையும் ஆண்டையும் சொல்லிக் கேட்பதே நன்று.

வேலை செய்யும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இஸ்தோப்பில் செய்ய வேண்டாம். காபரேற்றரைத் திறக்கும்போது சிறிதாவது பெற்றோல் சிந்தும். லயத்துக் காம்பராவில் இஸ்தோப்புக்கும் அடுப்புக்கும் உள்ள தூரம் நாம் அறிந்ததே. பெற்றோலின் ஆவி தரையோடு தவழ்ந்து சென்று நெருப்பைத் தேடும் இயல்புடையது. வெளியே, காற்றோட்டமான இடத்தில், தாங்கியின் குழாயை மூடிவிட்டு, எஞ்சின் ஆறிய பின் தொடங்க வேண்டும். மிஞ்சிய பெற்றோலைச் சோடாப் போத்தலில் ஊற்றி அலமாரியில் வைக்கும் வழக்கத்தையும் இத்துடன் நிறுத்திவிட வேண்டும். குழந்தைகள் போத்தலின் நிறத்தைக் கண்டு அருந்தக் கூடியவர்கள்.

திறப்பதற்கு முன் காபரேற்றரின் தலையைச் சுற்றியுள்ள மண்ணைத் துணியால் துடைக்க வேண்டும். இதைச் செய்யாமல் மூடியைத் திருகினால் வீதியின் மணல் உள்ளே விழும். ஸ்லைட்டுக்கும் சுவருக்கும் இடையே ஒரு மணல் போதும். புதுக் கேபிள் போட்டும் பழைய கதையே. மூடியைத் திருகித் தூக்கினால், மூடி, ஸ்பிரிங், ஸ்லைட், அதன் அடியில் தொங்கும் ஊசி யாவும் ஒன்றாக வெளியே வரும். ஊசியைத் தொட வேண்டாம். அது எந்த வெட்டில் நிற்கின்றதோ அவ்வாறே நிற்கட்டும். ஸ்பிரிங்கை விரலால் மேலே அமுக்கிப் பிடித்துக்கொண்டு, குமிழை ஸ்லைட்டின் துளையிலிருந்து நழுவவிட்டால் பழைய வயர் விடுபடும். புதியது அதே வழியாக உள்ளே போகும்: முதலில் மூடிக்குள், பின் ஸ்பிரிங்குக்குள், அதன் பின் ஸ்லைட்டின் பள்ளத்தில் குமிழ். ஸ்பிரிங்கைப் போட மறந்துவிட்டு முழுவதும் பூட்டியபின் தேடுவார் உண்டு. பூட்டாமலே ஓட்டியவர் கதையைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

ஸ்லைட்டை மீண்டும் இறக்கும் இடமே இவ்வேலையின் உயிர்நிலை. அதன் ஒரு பக்கத்தில் நெடுகிலும் ஒரு கோடுபோன்ற பள்ளம் உண்டு; காபரேற்றரின் உட்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு முனை அதற்குள் அமர வேண்டும். மறுபுறத்தில் அடிப்பாகம் பிறை வடிவில் சரிவாக வெட்டப்பட்டிருக்கும். அச்சரிவு காற்று வடிகட்டியை நோக்க வேண்டும், எஞ்சினை நோக்கலாகாது. திசை மாறினால் ஸ்லைட் அடிவரை இறங்காமல் பாதியில் நிற்கும். அந்நிலையில் எஞ்சினைக் கிளப்பினால் முதல் உதையிலேயே முழு வேகத்தில் அலறும். இறங்கவில்லை என்று குறடு கொண்டு அழுத்துவது அறிவீனம். மெல்லச் சுழற்றினால் முனை தானே பள்ளத்தைக் கண்டுகொள்ளும்.

மேல்முனைக்கு வருவோம். வலக் கைப்பிடியின் அருகிலுள்ள சிறு பெட்டியின் திருகுகளைக் கழற்றினால், பெரும்பாலான வண்டிகளில் கைப்பிடிக் குழாயில் ஒரு வெட்டு தெரியும். மற்றக் குமிழ் அங்கே அமரும். கேபிள் பழையது சென்ற வழியிலேயே செல்ல வேண்டும். ஹேண்டிலைத் திருப்பும்போது நசுங்கும் இடத்திலோ, எஞ்சினின் சூடு படும் இடத்திலோ, கூர்மையாக முறியும் வளைவிலோ அது கிடக்கலாகாது. ஒரு வளைவு எவ்வளவு அகலமோ அவ்வளவு சுகமாக வயர் ஓடும்.

பின்னர் தளர்ச்சி. வயர் விறைப்பாக நின்றால் நல்ல வேலை என்று எண்ணுவது இளைஞர் இயல்பு. வீணைத் தந்திக்கு அது பொருந்தும். இங்கே கைப்பிடியை முறுக்கும்போது, ஸ்லைட் அசையத் தொடங்குமுன் கைப்பிடியின் விளிம்பு 2 முதல் 6 மில்லிமீற்றர் வரை வெறுமனே திரும்ப வேண்டும். உறையின் முனையில் உள்ள அளவு திருத்தும் திருகைக் கூட்டியும் குறைத்தும் இதை அமைத்து, பூட்டு நட்டை இறுக்க வேண்டும். ஏன் இந்தத் தளர்ச்சி என்று கேட்டால், ஹேண்டில் திரும்பும்போது கேபிளின் வளைவு மாறுகின்றது. உறை எங்கேனும் இழுபட்டால் உள்வயரும் சற்று இழுபடும். தளர்ச்சி அதை விழுங்கிக்கொள்ளும். இல்லையேல் வளைவில் திரும்பும் அந்த வேளையிலேயே, கையை முறுக்காமலே, எஞ்சின் வேகம் ஏறும்.

எஞ்சினைக் கிளப்புமுன் ஒரு சோதனை இருக்கின்றது. இச்சோதனையைத் தாயாரே அருகில் நின்று பார்க்கலாம். மெக்கானிக் அறிவு வேண்டியதில்லை, காது போதும். ஹேண்டில் நேராக இருக்கும்போது கைப்பிடியை முழுவதும் முறுக்கிச் சட்டென்று விட வேண்டும். காபரேற்றருக்குள் ‘டக்’ என்று ஓர் ஒலி கேட்க வேண்டும். ஹேண்டிலை இடக்கோடி வரை திருப்பி மீண்டும். வலக்கோடிக்குத் திருப்பி மீண்டும். மூன்று நிலையிலும் கைப்பிடி தானாகவே, கையின் உதவியின்றி, ஒரே விசையில் திரும்ப வேண்டும். சோம்பலாகத் திரும்பினால், ஒலி மங்கினால், வண்டி அன்று எங்கும் போகக் கூடாது. இதில் தேறிய பின், கியரில்லாமல் கிளப்பி, சாவியில் ஒரு கையை வைத்துக்கொண்டே, மறு கையால் ஹேண்டிலை இரு கோடிகளுக்கும் திருப்பிப் பார்க்க வேண்டும். எஞ்சினின் ஒலி ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது.

இவ்வளவும் பொறுமையுள்ள ஒரு பையனுக்கு ஒரு பிற்பகல் வேலை. பொறுமையில்லாதவனுக்கு இது வேலையே அன்று.

யப்பானியரின் இச்சிறு வண்டிகளுக்குப் பின்னால் நம் பெண்வாசகர் விரும்பத்தக்க ஒரு வரலாறு இருக்கின்றது. யுத்தம் முடிந்து 1946இல், ஹமமட்சு நகரில் சொய்ச்சிரோ ஹொண்டா என்பவர், இராணுவத்தின் கம்பியில்லாக் கருவிகளுக்கு மின்சாரம் தந்த சிறு எஞ்சின்களைக் கண்டெடுத்தார். அவற்றுள் ஒன்றை ஒரு சைக்கிளில் பூட்டினார். பெற்றோல் தாங்கி கிடைக்கவில்லை; குளிருக்குப் படுக்கையில் வைக்கும் வெந்நீர்க் கலம் ஒன்று தாங்கியாயிற்று. அதை நகரத் தெருவில் ஓட்டிச் சோதித்தவர் அவருடைய மனைவி சாச்சி. அக்காலத்தில் உணவு தேடிச் சைக்கிளில் நெடுந்தூரம் மிதித்து அலைந்தவர் அவரே. 1958இல் வெளிவந்த அவர்களுடைய ‘சுப்பர் கப்’ வண்டிக்குக் கிளச்சுப் பிடியே இல்லை. கடைப்பையன் ஒரு கையில் உணவுத் தட்டை ஏந்திக்கொண்டு மறு கையால் ஓட்டத்தக்கதாக இருக்க வேண்டும் என்று எண்ணி அவ்வாறு அமைத்தனராம். 2017இல் அவ்வகை வண்டிகளின் மொத்தத் தொகை 10 கோடியைத் தாண்டியது. ஓட்டுபவனின் இடக்கை ஓய்ந்திருக்க, வலக்கையின் அந்த ஒரு கேபிளே வேகத்தின் பொறுப்பு முழுவதையும் சுமக்கின்றது.

மீளாத அக்சிலேற்றர் ஏழைகளின் பழைய வண்டிக்கே உரிய நோய் என்றும் எண்ண வேண்டாம். 2010 ஜனவரியில், மிதித்த அக்சிலேற்றர் திரும்பாமல் ஒட்டிக்கொள்ளக் கூடும் என்று, டொயோட்டா கொம்பனி அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 23 இலட்சம் கார்களைத் திருப்பி அழைக்க நேர்ந்தது.

பராமரிப்பு எளிது. ஐப்பசி, கார்த்திகையில் ஊவாவில் மழை கொட்டும் காலத்தில் உறைக்குள் நீர் இறங்கித் துருப்பிடிக்கும். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை மேல்முனையைக் கழற்றி, தடித்த கடதாசியைப் புனலாகச் சுருட்டிக் கட்டி, மெல்லிய எண்ணெயை விட்டு, ஓரிரவு தொங்கவிட்டால் மறுமுனையில் சொட்டத் தொடங்கும். தடித்த கிறீஸ் கூடாது. பண்டாரவளைக் குளிரில் விடியற்காலையில் அது களிபோல் இறுகி நிற்கும். உள்ளே வழுக்கும் பிளாஸ்டிக் குழல் வைத்து வருகின்ற புதுக் கேபிள்களுக்கு எண்ணெயே தேவையில்லை. கடைக்காரரிடம் கேட்டு அறியலாம். கேபிள் எதுவாயினும், குமிழின் அருகே ஓர் இழை அறுந்திருக்கக் கண்டால், மாற்ற வேண்டிய நாள் அதுவே.

இனி வேறொரு விஷயம். அன்னையார் கேட்கவில்லை, ஆனால் வெலிமடைப் பக்கத்தில் நாம் கண்டதுண்டு. மரக்கறித் தோட்டத்துக்கு நீர் இறைக்கும் பம்பின் எஞ்சினைக் கழற்றி, இரும்புக் குழாயில் ஒட்டிய சின்னச் சட்டத்தில் பூட்டி, பையன்கள் வண்டியாக்குகின்றார்கள். அமெரிக்காவிலும் புல்வெட்டும் எஞ்சின்களைக் கொண்டு இவ்வாறே குட்டி வண்டிகள் பிறந்தன. அவற்றின் கூர்மதியைப் பாராட்டுகின்றோம். ஆனால் கேபிள் விஷயத்தில் இங்கே இரண்டு பொறிகள் உள்ளன.

பம்பு எஞ்சினில் கையால் நகர்த்தும் நெம்பு காபரேற்றரை நேராகத் திறப்பதில்லை. அது ஒரு ஸ்பிரிங்கை இழுக்கின்றது. அந்த ஸ்பிரிங் திறக்க முயலும். எஞ்சினுக்குள் சுழலும் ‘கவர்னர்’ என்ற வேகக் காவலன் மூட முயலும். இருவருடைய இழுபறியில் வேகம் ஓரிடத்தில் நிலைக்கும். இத்தகைய எஞ்சின்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 3,600 சுற்றுக்கு மேற் போகாதபடி காக்கப்பட்டவை. பையன்கள் இக்காவலனைத் தொந்தரவென்று கழற்றிவிட்டுக் கேபிளைக் காபரேற்றரின் தகட்டிலேயே நேராகக் கொழுவுகின்றார்கள். பாரம் குறைந்த கணத்தில் சுற்று எல்லை மீறும். உள்ளே இணைப்புத் தண்டு முறியும். பறக்கும் சில்லு வெடித்துச் சிதறவும் கூடும். அது இருப்பதோ, ஓட்டுபவனின் தொடைக்கு ஒரு சாண் தூரத்தில். கேபிளை நெம்புடன் கொழுவ வேண்டும்; காவலனை அவன் இடத்தில் விட்டுவிட வேண்டும்.

அடுத்தது, அந்த நெம்பு வைத்த இடத்திலேயே நிற்பதற்காகச் செய்யப்பட்டது. வயலில் அதுவே வசதி: வேகத்தை வைத்துவிட்டுப் பாத்தியைப் பார்க்கப் போகலாம். வண்டியில் அதுவே யமன். நெம்பை இறுக்கிப் பிடிக்கும் நட்டைத் தளர்த்தி, மூடும் பக்கமாக இழுக்க ஒரு தனி ஸ்பிரிங் போட்டு, மேலே சொன்ன ‘டக்’ சோதனையில் தேறினாலன்றி அதில் ஏறலாகாது. அவ்வாறு செய்தாலும் தோட்டத்து மைதானத்துக்கு அப்பால் அதற்கு இடமில்லை. பதிவு இல்லாத அவ்வண்டி வீதிக்கு உரியதன்று.

எல்லாம் சரியாகப் பூட்டிய பின்னும் ஒரு நாள் கைப்பிடி மீளாமற் போகலாம் என்று கொண்டே பழக வேண்டும். பயந்தவன் செய்வது பிரேக்கை மட்டும் அழுத்திக்கொண்டு எஞ்சினோடு மல்லுக்கட்டுவது. முதலில் எஞ்சினைச் சில்லிலிருந்து பிரிக்க வேண்டும். கிளச்சுப் பிடி உள்ள வண்டியில் இடக்கையை இறுக்கினால் போதும். சாலி போன்ற வண்டியில் கியர் மிதியைக் காலால் அமுக்கியபடியே வைத்திருந்தால் கிளச்சு விடுபட்டு நிற்கும். காலை எடுத்தால் மீண்டும் பிடிக்கும். எஞ்சின் கதறினால் கதறட்டும். அதே வேளையில் சாவியை அணைத்து, இரு பிரேக்கும் சேர்த்துப் பிடித்து, மண்மேட்டுப் பக்கமாக ஒதுங்க வேண்டும். இதை வண்டி நிற்கும்போதே, எஞ்சின் ஓடாமல், முற்றத்தில் இருந்துகொண்டு பத்து முறை செய்து பார்க்கட்டும். தம்பி தங்கையர் திடீரென்று “மாட்டிக்கிச்சு!” என்று கத்தும்போது காலும் கையும் சாவியும் எந்த வரிசையில் அசைகின்றன என்று வீட்டார் பார்த்துக்கொள்ளலாம்.